முந்திப்போன இரங்கல்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தியம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்றும், மாப்பிள்ளையும் எங்கள் பெண்ணும் தங்களுக்கு ஒரு குறையும் வைக்காமல் நடந்துகொள்வார்கள் என்றும் நம்புகிறேன். இங்கே நானும் என் மனைவியும் சுகம். சுகம் என்பதை உடம்போடு நிறுத்திக்கொள்ளவும். மனசு எப்படி இருக்கிறது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இதை நான் தங்கள் மருமகளின் தகப்பனாக எழுதவில்லை. முதல்வர் அலுவலகத்தில் இரங்கல் அறிக்கைகள் எழுதும் அலுவலராக, நாளிதழ் ஆசிரியரான தங்களுக்கு எழுதுகிறேன். தாங்களும் ஆசிரியராகவே இதைப் படித்துக் கோபப்பட்டுவிட்டு, கடைசிப் பக்கம் வரும்போது மறுபடி சம்பந்தியாகிவிட வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். எழுதப்போகிறேன் என்று வீட்டுக்குப் போன் செய்து சொன்னதும் என் மனைவி, "சம்பந்திக்கு எழுதறீங்க, வார்த்தையப் பார்த்து எழுதுங்க. உங்க ஆபீஸ் வார்த்தை எதையும் உள்ள விட்டுடாதீங்க, அவங்க வீட்ல வயசானவங்க இருக்காங்க" என்று எச்சரித்தாள். ஆகவே 'ஆழ்ந்த', 'ஆற்றொணா', 'பேரிழப்பு' ஆகிய சொற்களை இயன்றவரை தவிர்த்திருக்கிறேன். தப்பித்தவறி எங்காவது வந்திருந்தால் அது கைப்பழக்கம். மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். இன்று காலை தங்கள் நாளிதழின் முதல் பக்கத்தில், கறுப்புக் கட்டத்துக்குள், முன்னாள் முதல்வரான மூத்தவர் காலமானார் என்ற செய்தியும் அதற்குக் கீழே இந்நாள் முதல்வரின் இரங்கல் அறிக்கையும் வந்திருக்கின்றன. அறிக்கையை எழுதியவன் நான். கையெழுத்து முதல்வருடையது. நேற்று மாலை தங்களுக்கு அனுப்பியதும் நானே. ஒரு எழுத்துப்பிழைகூட இல்லாமல் அச்சிட்டிருக்கிறீர்கள், அதற்கு நன்றி. ஆனால் மூத்தவர் இறக்கவில்லை. அவரை அவர் வீட்டிலேயே பார்த்துப் பேசிவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். 'அமைதியாகக் கண்மூடினார்' என்று செய்தியில் ஒரு வரி இருக்கிறது. அது எங்கள் அறிக்கையில் இல்லை, தங்கள் அலுவலகத்துக் கைவண்ணம். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. போனிலேயே சொல்லிவிடலாம் என்றுதான் முயன்றேன். தங்கள் அலுவலகத்தில் எடுத்தவர், "இரங்கல் விளம்பரமா சார், எந்த அளவுல வேணும்?" என்று கேட்டார். விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி சார், படத்தோடவா, படம் இல்லாமலா?" என்றார்.

எப்படி நடந்தது என்று தாங்கள் கேட்பீர்கள். எங்கள் அலுவலகத்தின் நடைமுறையைக் கொஞ்சம் சொன்னால்தான் புரியும். பெயர் பெற்ற பெரியவர்கள் யாராவது படுத்துவிட்டால், அவர்களுக்கான இரங்கலை முன்கூட்டியே எழுதி, முதல்வரிடம் கையெழுத்தும் வாங்கி வைத்துவிடுவோம். முதல்வர் சுற்றுப்பயணத்தில் இருக்கும்போது யாராவது போய்விட்டால் கையெழுத்துக்காக ஓட முடியாது அல்லவா. அந்தக் கட்டுக்கு எங்களுக்குள் 'காத்திருப்பு' என்று பெயர். புது முதல்வர் ஒருவர் வந்தால், நாற்காலிக்கு உறை மாறும், சுவரில் படம் மாறும், மூன்றாவதாகக் காத்திருப்பு முழுவதையும் அவர் குரலுக்கு ஏற்றபடி நான் திருப்பி எழுதுவேன். அப்படி நான்கு முதல்வர்களின் குரலில் அழுதிருக்கிறேன். ஒருவருக்கு எல்லா இரங்கலிலும் கண்ணீர் வந்தாக வேண்டும். தொண்ணூறு தாண்டியவர் தூக்கத்தில் போயிருந்தாலும் 'இடியெனத் தாக்கியது' என்று போட வேண்டும். இன்னொருவர் கையெழுத்திடும் முன் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இவர் நமக்கு ஓட்டுப் போட்டவர்தானே?" என்று கேட்பார். மூத்தவர் முதல்வராக இருந்தபோது நான் எழுதியதில் பாதியை அடித்துவிடுவார். "செத்தவரைப் பத்தி எழுதச் சொன்னா என்னைப் பத்தி எழுதியிருக்க" என்பார். இப்போதைய முதல்வர் எதையும் அடிப்பதில்லை, எதையும் கேட்பதில்லை. கோப்பைத் திறந்து வைத்தால் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போவார். படிக்கிறாரா என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

மூத்தவரும் முதல்வரும் பேசிக்கொள்வதில்லை என்பது தாங்கள் அறியாதது அல்ல. தங்கள் தலையங்கங்களிலேயே படித்திருக்கிறேன். முதல்வரை அரசியலுக்கு அழைத்து வந்தவரே மூத்தவர். தன் கூடவே வைத்து வளர்த்து, அமைச்சராக்கினார். பிறகு சட்டமன்றத்தில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்து அவரை இறக்கிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்தவர் இவர். அன்றிலிருந்து இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அரசு விழாவில் இருவரும் ஒரே மேடையில் இருந்தாக வேண்டிய கட்டாயம் வந்தால், நடுவில் ஆளுநரைப் போட்டுவிடுவோம். ஆளுநர் ஊரில் இல்லாவிட்டால் விழாவையே தள்ளிப்போடுவோம்.

இப்படியிருக்க, மூத்தவர் முழங்கால் வலிக்காக மருத்துவமனையில் சேர்ந்தார். வயது காரணமாக, அவருக்கான இரங்கல் கையெழுத்தோடு தயாராக இருந்தது. நேற்று மாலை பாதுகாப்புப் பிரிவிலிருந்து வழக்கமான தகவல் வந்தது: மருத்துவமனையில் மூத்தவருக்குப் போட்டிருந்த காவல் விலக்கிக்கொள்ளப்பட்டது. முன்னாள் முதல்வருக்கான காவல் இரண்டே காரணங்களுக்காக விலக்கப்படும். ஒன்று, அவர் வீடு திரும்ப வேண்டும். திரும்பினால் மருத்துவமனை அதைத் தம்பட்டம் அடிக்கும், மருத்துவர்கள் பூங்கொத்தோடு படம் எடுத்துக்கொள்வார்கள். அது எதுவும் இல்லை. மிச்சம் இருந்தது இரண்டாவது காரணம். நான் மருத்துவமனையைக் கூப்பிட்டேன். "அறை காலிங்க. அதுக்கு மேல எங்களால ஒண்ணும் சொல்ல முடியாது" என்று வைத்துவிட்டார்கள். எங்கள் செயலாளர், "ஆஸ்பத்திரிக்காரங்க வாயத் திறக்கலைன்னா முடிஞ்சதுன்னு அர்த்தம். போன தடவை எதிர்க்கட்சிக்காரங்க இரங்கல் நமக்கு முன்னாடி வந்து மானம் போச்சு. இந்தத் தடவை நாம முந்தணும்" என்றார். முதல்வர் பாலத் திறப்புக்காக மலைப்பக்கம் போயிருந்தார், போன் எட்டவில்லை. காத்திருப்பிலிருந்து எடுத்து அனுப்பினேன். எங்களைப் பார்த்து எதிர்க்கட்சியும் அனுப்பியது, எங்களைவிட இரண்டு சொட்டுக் கண்ணீர் கூடுதலாக.

நடந்தது என்னவென்றால், மருத்துவமனைச் சாப்பாட்டில் உப்பில்லை என்று மூத்தவர் காவலரையும் கூட்டிக்கொண்டு பின்வாசல் வழியாக ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்விட்டார். யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று காவலரிடம் சொல்லி, போன் இணைப்பையும் பிடுங்கிப் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டார். காவலரும் தன் பிரிவுக்கு, மருத்துவமனைக் காவல் முடிந்தது என்று மட்டும் தகவல் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். முன்னாள் முதல்வரைத் தொலைத்துவிட்டோம் என்று சொல்ல மருத்துவமனைக்குப் பயம். அவர்கள் பயத்தை நாங்கள் துக்கம் என்று எடுத்துக்கொண்டோம்.

காலையில் முதலில் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது மலர்வளையம். முதல்வர் சார்பில் அது தானாகவே கிளம்பிவிடும், யாரும் சொல்ல வேண்டியதில்லை. கொண்டுபோனவர் கதவைத் தட்ட, மூத்தவரே வந்து திறந்திருக்கிறார். வளையம் கொண்டுபோனவர் தன் வேலைக்குரிய கேள்வியை மட்டும் கேட்டிருக்கிறார்: "ஐயா, இத எங்க வைக்கறது?" மூத்தவர், "எனக்கு இன்னும் இடம் ஒதுக்கலப்பா. இப்போதைக்கு அந்த நாற்காலில வை" என்றிருக்கிறார்.

செய்தி தெரிந்து நான் பதறியடித்துக்கொண்டு போனபோது, முன்னறையில் இருந்த இரண்டு பிரம்பு நாற்காலிகளில் ஒன்றில் மூத்தவர் வெந்நீர்த் தொட்டியில் கால்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்னொன்றில் மலர்வளையம். மடியில் தங்கள் நாளிதழ். என்னைப் பார்த்ததும் கண்ணாடியை மூக்குநுனிக்கு இறக்கினார்.

"உட்காருன்னு சொல்லலாம்னு பார்த்தா, ரெண்டு நாற்காலிலயும் நானே இருக்கேன்."

நான் நின்றபடியே மன்னிப்புக் கேட்டேன். என்ன கேட்டேன் என்று நினைவில்லை. 'ஆழ்ந்த வருத்தத்தை' என்று தொடங்கியது மட்டும் நினைவிருக்கிறது. அவர் கையசைத்து நிறுத்தினார்.

"இது நீ எழுதினதா?"

"ஆமாங்கய்யா."

"எங்கிட்ட வேலை பார்த்தப்ப இவ்வளவு நல்லா எழுதலியே."

"நல்லா எழுதின இடத்தையெல்லாம் நீங்க அடிச்சிடுவீங்கய்யா."

சிரித்தார். பிறகு அறிக்கையைச் சத்தமாகப் படித்தார். தாங்கள் அச்சிட்டதுதான், இருந்தாலும் அவர் படித்த வரிகளை எழுதுகிறேன். 'என்னை அரசியலுக்கு அழைத்து வந்தவர் அவர். முதன்முதலாக மேடையேறிப் பேச்சு மறந்து நின்றபோது என் முதுகில் கை வைத்து, மறந்ததை விடு, ஞாபகம் இருப்பதைச் சொல் என்றவர். இன்று நான் இந்த நாற்காலியில் உட்காரும்போதெல்லாம், அவரே எழுந்து எனக்கு இடம் கொடுத்ததாகத்தான் உணர்கிறேன். அவரிடம் சொல்லாமல் விட்டது நிறைய இருக்கிறது. அதைக் கேட்க இனி அவர் இல்லை.' மேடையில் நடந்தது கற்பனை அல்ல. அன்று நான் கீழே உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். நாற்காலி வரி மட்டும் நானாகச் சேர்த்தது. ஒரு இரங்கலுக்குள் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை எப்படிக் கொண்டுவருவது, தாங்களே சொல்லுங்கள்.

மூத்தவர் சரியாக அந்த வரியில் விரலை வைத்தார். "நானா எழுந்தேன்? அத்தனை கையையும் தூக்க வச்சு இறக்கிவிட்டான். ஊருக்கே தெரியும். இத எடுத்துடு." தாளை மடித்து மடியில் வைத்தார். "படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போட்டானா?"

"கையெழுத்து அவரோடதுதாங்கய்யா" என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

"மறுப்புப் போடுவீங்க இல்ல?"

"போட்டாகணுங்கய்யா."

"நான் சாகலன்னு போடு. அது உண்மை. ஆனா அவன் இப்படிச் சொல்லவே இல்லன்னு போட்டுடாத. இத்தனை வருஷத்துல என்னைப் பத்தி அவன் வாயிலேர்ந்து வந்தது இது ஒண்ணுதான். நான் செத்தா கண்டிப்பா வருவான், மாலை போடுவான், படம் எடுத்துக்குவான். அது எனக்குத் தெரியாதே. இதத்தான் என்னால படிக்க முடிஞ்சிருக்கு."

சம்பந்தி, ஆயுசு முழுவதும் நான் எழுதியதை யாருக்காக எழுதினேனோ அவர் படித்ததில்லை. முதல் முறையாக ஒருவர் படித்தார். தொட்டியில் வெந்நீர் ஆறிவிட்டதா என்று பார்ப்பதுபோல் குனிந்து முகத்தை மறைத்துக்கொண்டேன். சமையல்காரர் வந்து வெந்நீரை மாற்றும் சாக்கில் என்னை வெளியே கூட்டிப்போனார்.

அலுவலகம் வந்து செயலாளரிடம் மூத்தவரின் வேண்டுகோளைச் சொன்னேன். அவர் தலைநிமிராமலேயே, "முழுசா வாபஸ் வாங்குங்க. அந்த அறிக்கைக்கும் முதல்வருக்கும் சம்பந்தமே இல்லன்னு போடுங்க" என்றார். "ஐயா அவ்வளவு கேட்டுக்கிட்டாரே" என்றேன். "அவர் முன்னாள் முதல்வர். நான் இந்நாள் முதல்வருக்கு வேலை பார்க்கறேன். நீங்களும்தான்" என்றார். முதல்வருக்கும் தகவல் போய்விட்டதாம். முழுவதையும் கேட்டுவிட்டு, "வர்றேன்" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாராம். வந்ததும் யார் தலை உருளும் என்று வராந்தா முழுக்கப் பேச்சு. என் தலை என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

ஆகவே, அரசு ஊழியன் என்ற முறையில், கீழ்க்கண்ட மறுப்பை நாளைய இதழில் அதே இடத்தில், அதே அளவில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்: 'முன்னாள் முதல்வர் மூத்தவர் நலமுடன் உள்ளார். அவரைக் குறித்து முதல்வர் பெயரில் வெளியான அறிக்கை கீழ்நிலையில் நேர்ந்த தவறு. அதில் உள்ள கருத்துகள் எதுவும் முதல்வருடையவை அல்ல.' இந்த மூன்றாவது வாக்கியத்தை எழுத எனக்குக் கை ஓடவில்லை. எத்தனையோ சாவுக்கு எழுதிய கை. ஒரு மனுஷன் உயிரோடு இருக்கும்போதே அவருக்குக் கிடைத்ததைப் பிடுங்கி எழுதுவது இதுதான் முதல் தடவை. ஆனாலும் எழுதிவிட்டேன். தாங்களும் அப்படியே அச்சிடவும்.

இத்துடன் ஆசிரியருக்கான பகுதி முடிந்தது. சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் ஆசிகள். இருவரும் நீண்ட ஆயுளோடு, எந்தக் காத்திருப்பிலும் பெயர் வராமல் வாழ வேண்டும். என் வேலைக்கு ஏதாவது ஆகிவிட்டால் அதைப் பெண்ணிடம் பக்குவமாகச் சொல்லும் பொறுப்பைத் தங்களிடமே விடுகிறேன். கறுப்புக் கட்டம் இல்லாமல் சொல்லவும்.

என்றும் தங்கள் அன்புக்குரிய,
பெண் கொடுத்த சம்பந்தி

பின்குறிப்பு: கடிதத்தை எடுத்துப் போக வேண்டியவர் மற்ற பத்திரிகைகளுக்கு மறுப்பு கொடுக்கக் கிளம்ப இருந்த நேரத்தில் முதல்வர் வந்துவிட்டார். ஆகவே இது இன்னும் என் மேஜைமேல்தான் இருக்கிறது. மேலே கேட்டுக்கொண்டதைத் தயவுசெய்து செய்ய வேண்டாம்.

முதல்வர் வந்ததும் என்னைக் கூப்பிட்டார். மறுப்பை நீட்டினேன். இம்முறை படித்தார், உதடு அசைவதைப் பார்த்தேன். பேனாவை எடுத்து இரண்டாவது வாக்கியத்தையும் மூன்றாவதையும் அடித்தார். செயலாளர், "சார், அப்படிப் போட்டா அறிக்கை நீங்க சொன்னதாயிடும்" என்றார். "நான் சொன்னதுதான்" என்றார் முதல்வர். பிறகு என்னைப் பார்த்து, "மத்ததையெல்லாம் படிக்காமத்தான் கையெழுத்துப் போடுவேன். அத மட்டும் படிச்சுட்டுப் போட்டேன். நீங்க கோப்ப மூடுறதுக்குள்ள ரெண்டு தடவை படிச்சேன்" என்றார். என் தலை உருளவில்லை. தன்னோடு வண்டியில் ஏறச் சொன்னார்.

மூத்தவர் வீட்டுத் தெருவுக்குள் வண்டி திரும்பும்போது, "அங்க போய் நான் என்ன சொல்றது? ரெண்டு வரி எழுதிக் குடுங்க" என்றார். நானும் பழக்கதோஷத்தில் பேனாவைத் திறந்துவிட்டேன். ஒன்றும் வரவில்லை. "உயிரோட இருக்கறவங்களுக்கு எழுதிப் பழக்கம் இல்லீங்க" என்றேன்.

முன்னறையில் எல்லாம் காலையில் பார்த்தபடியேதான் இருந்தது. மூத்தவர் ஒரு நாற்காலியில், மலர்வளையம் இன்னொன்றில். முதல்வர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"துக்கம் விசாரிக்க வந்தியா?" என்றார் மூத்தவர்.

"ஆமாங்கய்யா."

அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை. மாநிலத்தையே பேசிப் பிடித்த இரண்டு பேர். நான் மலர்வளையத்தை எடுத்து இடம் பண்ணலாம் என்று குனிந்தேன். "அது இருக்கட்டும்" என்றார் மூத்தவர். தொட்டியிலிருந்து கால்களை எடுத்து, நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க ஆரம்பித்தார். அந்த முழங்கால்களோடு அது சின்னக் காரியமில்லை. சமையல்காரர் பிடிக்க ஓடி வந்தார், விடவில்லை. முழுவதுமாக எழுந்து, சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, தன் நாற்காலியைக் காட்டினார்.

"உட்காரு."

"ஐயா, வேண்டாங்க, நீங்க உட்காருங்க."

"எழுந்தாச்சுடா. உட்காரு."

முதல்வர் உட்கார்ந்தார். இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். மூத்தவர் சுவரிலிருந்து கையை எடுத்து அவர் முதுகில் வைத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "அந்த வரிய எடுக்க வேண்டாம். இப்ப சரியாப் போச்சு" என்றார்.

ஆகவே சம்பந்தி, நாளைய இதழில் மரணத்தை மட்டும் மறுத்தால் போதும். கறுப்புக் கட்டத்தை எடுத்துவிட்டு, அறிக்கையை மறுபடியும் முழுவதுமாகப் போடச் சொல்கிறார் முதல்வர். ஒரே ஒரு திருத்தம். 'அதைக் கேட்க இனி அவர் இல்லை' என்ற கடைசி வரியை மட்டும் நீக்கிவிடவும்.